விளிம்பில் மூன்று துளை

மாமியார் இரும்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மருமகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று மாமியார் நடுக்கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

சாம்பல் கலந்த பச்சை வண்ணம். அகன்ற விளிம்பு. தாடைக்குக் கீழே பட்டை. விளிம்பின் பின்பக்கத்தில், பிடரிக்கு நேர் மேலே, வரிசையாக மூன்று சின்னத் துளைகள். நடுத்துளை மட்டும் ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

"நல்லா இருக்கு அத்தை."

"நல்லா இருக்கா? கம்பீரமா இருக்குன்னு சொல்லு. இருபத்திரண்டு வருஷம் சினிமாக் கொட்டகையில டிக்கெட் குடுத்தவளுக்கு அரசாங்கம் கூப்பிட்டுத் தொப்பி குடுத்திருக்கு. உன் மாமனார் இருந்திருந்தா வாயில ஈ போறது தெரியாம பாத்துட்டு இருந்திருப்பாரு."

மாமியார் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு. அரசாங்கம் ஒன்றும் கூப்பிடவில்லை. போர் வந்து கொட்டகையை மூடித் தானியக் கிடங்கு ஆக்கிவிட்டார்கள். இரண்டு வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களோடும் சண்டை போட்டுத் தீர்த்த பிறகு, அவளாகத்தான் குடிமைப் பாதுகாப்புப் படை அலுவலகத்துக்குப் போய் நின்றாள். அங்கே இருந்தவர் அவளுடைய ஐம்பத்தாறு வயதைப் பார்த்து இழுத்திருக்கிறார். "குண்டு போட வர்றாங்கன்னு சங்கு ஊதினா முந்நூறு பேர் ஒரே வாசல்ல முட்டிக்குவாங்க. யாரு வரிசையில நிறுத்தப் போறா, நீங்களா?" என்று இவள் கேட்டாளாம். அவர் மறுபேச்சுப் பேசாமல் படிவத்தை எடுத்து நீட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தைத் தனியாளாகச் சமாளித்த குரல் அது. அதற்கு முன்னால் யாரும் அதிகம் பேசிவிட முடியாது.

"இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியுமா?" மாமியார் தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "காத்துக்கு. எங்க படைக்குன்னே ஸ்பெஷலா போட்டிருக்காங்க. ராணுவத்துக்காரன் குழிக்குள்ள உக்காந்திருப்பான், அவனுக்கு எதுக்குக் காத்து? தெருத்தெருவா ஓடறவங்க நாங்கதானே."

"யாரு அத்தை சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்லையா?"

மருமகள் மறுபடி வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்தத் துளைகள் எதற்கு என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏனென்றால் போட்டவளே அவள்தான். அவளுடைய மெஷினில் தொப்பியைப் பிடித்து நிறுத்தும் சட்டம் தேய்ந்துபோய் நடுத்துளை எப்போதும் ஒரு நூல் இடப்பக்கம் விலகும். மேஸ்திரியிடம் நாலு தடவை சொல்லியும் ஆகவில்லை.

தொப்பித் தொழிற்சாலையில் நடப்பது இதுதான். நூற்றைம்பது தொப்பிகள் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு சோதனை அதிகாரி பின்கட்டுக்குப் போவார். எல்லோரும் அவரைத் துப்பாக்கி சார் என்பார்கள். அங்கே அதைக் கட்டையில் மாட்டி, குறித்த தூரத்தில் நின்று ஒரே ஒரு குண்டு சுடுவார். குண்டு பட்ட இடம் குழிந்தால் போதும், லாட் முழுவதும் போர்முனைக்குப் போகும். கிழிந்தால் லாட் முழுவதும் மருமகளுடைய மேஜைக்கு வரும். அவள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மூன்று துளை போடுவாள். மூன்று துளை என்றால், முனைக்கு அனுப்பாதே என்று அர்த்தம். ஓடு, செங்கல், கண்ணாடிச் சில்லு இதற்கெல்லாம் ஓரளவு தாங்கும். தெருவுக்கு இது போதும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். உருக்குக்கு அவ்வளவு தட்டுப்பாடு. தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லலாமானால். சுட்டுப் பார்த்த தொப்பி ஒன்றைப் பற்றித்தான் நிச்சயமாகத் தெரியும், அது அங்கேயே செத்துப்போகும். மீதி நூற்று நாற்பத்தொன்பதும் எப்படி என்று யாருக்கும் தெரியாது. சில நன்றாகவே இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி அதையும் சுடுவதுதான்.

வேலையில் சேர்ந்த அன்றே மருமகள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். துளையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. இதுவரை விட்டதும் இல்லை. வீட்டில் கேட்டால், "மெஷின்ல நிக்கறேன்" என்பாள். ஏழு மாதமாக முனையில் இருக்கும் புருஷனுக்கு எழுதும் கடிதத்திலும் அவ்வளவுதான். ரகசியம் காப்பது அவளுக்குப் பெரிய பாரமாக இருந்ததில்லை, அது யார் தலையிலோ உட்காரப் போகிறது என்று இருந்தவரை.

சொல்லிவிடலாமா என்று அன்றைக்கே நினைத்தாள். ஆனால் அத்தை அந்தத் தொப்பியைத் துணியால் துடைத்து, கட்டில் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்த பார்வையைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைகள் அப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டன.

அந்த ஐந்து வாரத்தில் மூன்று துளை தெருவில் பெரிய மரியாதையாகிவிட்டது. மாமியார் படையில் மொத்தம் ஆறு பேர். ஆறு தொப்பியிலும் மூன்று துளை. பிள்ளைகள் சட்டியைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, விளிம்பில் கரியால் மூன்று புள்ளி வைத்து, வரிசை வரிசை என்று கத்தி விளையாடினார்கள். ரொட்டிக் கடைக்காரர் மாமியாரைப் பார்த்தால் எழுந்து நின்றார். மருமகள் ஒவ்வொரு நாளும் தொழிற்சாலையில் இருநூறு மரியாதை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தாள்.

இப்படி இருக்கையில்தான் மேல்மாடி கிளாரினெட்காரர் படையில் சேர்ந்தார்.

அவருக்கும் மாமியாருக்கும் எட்டு வருஷப் பகை. அவர் பயிற்சி செய்தால் இவள் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பாள். இவள் இடித்தால் அவர் அதே தாளத்துக்கு வாசிப்பார். போர் வந்து அவர் வாசித்த வாத்தியக் குழுவே கலைந்துவிட்டது. முரசு அடித்தவனையும் எக்காளம் ஊதியவனையும் ராணுவம் எடுத்துக்கொண்டது; இவரைப் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. தனி ஆள். ஐம்பதை நெருங்குகிறவர். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் படிக்கட்டும் சுவரும் அவருக்கு ஒன்றுதான்.

அவர் ஒரு மாலை கதவைத் தட்டி, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒரு விஷயம் கேக்கணும். உங்க எல்லார் தொப்பியிலயும் மூணு ஓட்டை இருக்கு. என்னோடதுல இல்ல. நான் இன்னும் சோதனையில இருக்கேனா?"

மாமியாருக்கு உள்ளூர ஒரே குஷி. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "புதுசா சேந்தவங்களுக்கு அப்படித்தான். மெதுவா வரும்," என்றாள்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். விளிம்பு வழவழவென்று முழுசாக இருந்தது. தொப்பிக் கிடங்கில் யாரோ கை மாறி, முனைக்குப் போக வேண்டிய லாட்டிலிருந்து ஒன்றை எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டார்கள். சோதனையில் தேறிய, சத்தான, அசல் உருக்கு. அந்த மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்.

நாலு நாள் அவரைத் தவிக்க விட்ட பிறகு மாமியாருக்கே பாவமாகிவிட்டது. பயிற்சியில் அவர் மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாராம். அலுவலகத்தில் சொல்லி ஒரு கடிதம் வாங்கி, ரப்பர் முத்திரை குத்தி, கடிதத்தையும் தொப்பியையும் மருமகளிடம் கொடுத்தாள். "உங்க ஃபாக்டரியில ஓட்டை போடற மெஷின் இருக்குமில்ல? யாருகிட்டயாவது சொல்லி மூணு போட்டுட்டு வா. அந்த ஆளும் மனுஷன்தானே."

மறுநாள் துப்பாக்கி சார் அந்தக் கடிதத்தை வாசித்தார். *மேற்படி தொப்பியில் துளைகள் விடுபட்டுள்ளதால், படையின் ஒழுங்கை முன்னிட்டு, மூன்று துளைகள் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.* முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. தொப்பியைப் புரட்டி உள்ளே இருந்த லாட் எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தொழிற்சாலையில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. பார்த்த ஒரு தடவையும் இவ்வளவு நேரம்தான்.

"இது நான் தேர்வு பண்ண லாட். ஞாபகம் இருக்கு," என்றார். "சட்டப்படி இதைப் பிடுங்கித் திருப்பி அனுப்பணும். அனுப்பினா அந்த ஆளுக்கு இதுக்குப் பதிலா எது கிடைக்கும்னு உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு கடிதத்தின் கீழே 'துளையிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஓட்டை விழுந்தா யாரும் இதை அவர்கிட்டேருந்து பிடுங்க மாட்டாங்க. போட்டுக் குடுத்துடு. நல்ல தொப்பிக்கு ஓட்டை போடச் சொல்லி எழுதறது எனக்கு இதான் முதல் தடவை."

மருமகளுக்கும் அது முதல் தடவைதான். தேறாத லாட்டில் துளைமுனை சரசரவென்று இறங்கிவிடும். இது இறங்கவில்லை. கிறீச்சென்று கத்தியது, புகைந்தது, இரண்டாவது துளையில் முனையே முறிந்தது. புது முனை மாட்டி மூன்றையும் முடிக்க அரை மணி ஆயிற்று. இப்படி ஒரு உருக்கு அவளுடைய அத்தை தலையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அரை மணியில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது அந்த எண்ணத்தோடு அவள் வாதாடிப் பார்த்தாள். இரண்டு தொப்பி. இரண்டிலும் மூன்று துளை. ஒரே வண்ணம். யாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை. புருஷன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் 'அம்மாவைப் பார்த்துக்கொள்' என்றுதான் முடிகிறது. மேல்மாடிக்காரருக்காக அழ யார் இருக்கிறார்கள்? இந்தக் கடைசி நினைப்பு வந்தபோது அவள் தெருவில் நின்றேவிட்டாள். தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நின்றாள், ஆனால் திரும்பவில்லை.

மாமியார் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மருமகள் இரண்டு தொப்பியையும் சமையலறை மேஜையில் கவிழ்த்தாள். உச்சியில் ஒரே ஒரு திருகாணிதான் உள்ளே இருக்கும் தோல் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வளையத்தில்தான் மையால் அவரவர் பெயர் எழுதியிருக்கும். கத்தி முனையால் இரண்டு திருகாணியையும் கழற்றினாள். வளையங்களை மாற்றிப் போட்டாள். மறுபடி முறுக்கினாள். பத்து நிமிஷ வேலை. பிறகு மேஜையைத் துடைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

கிளாரினெட்காரர் துளைகளைத் தடவிப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். "எவ்வளவு நேர்த்தியா போட்டிருக்காங்க!" என்றார். நடுத்துளை ஒரு நூல் இடப்பக்கம் தள்ளியிருந்தது அவர் கண்ணாடிக்கும் எட்டவில்லை. மறுநாள் ரேஷனில் கிடைத்த சர்க்கரையில் பாதியைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து கிளாரினெட் எடுப்பதற்கு முன்னால் படிக்கட்டில் இறங்கி வந்து, "வாசிக்கலாமா?" என்று கேட்டார்.

"எட்டு வருஷத்துல நடக்காததை மூணு ஓட்டை செஞ்சிருக்கு பாத்தியா," என்றாள் மாமியார். "பயிற்சியில இப்ப முதல் வரிசையில நிக்கறாரு. நான் போறேன் நான் போறேன்னு குதிக்கறாரு. கண்ணு தெரியாத மனுஷனுக்கு இவ்வளவு தைரியம் எங்கேருந்து வந்துச்சோ."

மருமகள் அந்தச் சர்க்கரை போட்ட தேநீரைக் குடிக்க முடியாமல், அத்தை பார்க்காதபோது தொட்டியில் ஊற்றினாள்.

சனிக்கிழமை பிற்பகல் சங்கு ஊதியது. மருமகளுக்கு அன்று விடுமுறை. மாமியார் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு, பட்டையைக்கூட மாட்டாமல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். மேலேயிருந்து தடதடவென்று கிளாரினெட்காரர் இறங்கி அவள் பின்னால் ஓடினார். மருமகளும் மற்றவர்களோடு நூலகத்தின் நிலவறைக்குப் போனாள். வாசலில் மாமியார் குரல் கணீரென்று கேட்டது. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் சீட் இருக்கு! பெரியம்மா, இடைவேளை விட்டா வெளிய போகலாம், இப்ப உள்ள நடங்க!" நடுங்கிக்கொண்டு வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பிறகு கதவு மூடிக்கொண்டது. தூரத்தில் நாலு குண்டு. கிட்டத்தில் ஒன்று. அந்த ஒன்றுக்கு மேற்கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மருமகள் சுவரோரம் உட்கார்ந்து, வெளியே இருக்கும் இரண்டு தலைகளையும் பற்றி யோசித்தாள். அத்தை தலைக்கு ஒன்றும் ஆகாது என்று மனசு ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதல் அவளுக்குக் கசந்தது. இன்னொரு தலையை நினைக்காமல் அதை நினைக்க முடியவில்லை.

எல்லாம் அடங்கி வெளியே வந்தபோது தெரு முழுவதும் புழுதி. தையல்கடைக் கட்டடத்தின் முன்சுவர் பாதி சரிந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட தம்பதியை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இருவரும் நடைபாதையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே கிளாரினெட்காரர், மடியில் தொப்பியோடு. புருவத்துக்கு மேலே ரத்தம் கோடாக உலர்ந்திருந்தது. மாமியார் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கேக்கறதில்ல. நான் நுழையறேன்னு சொல்றேன், என்னைத் தள்ளிட்டு உள்ள போறாரு."

"பாருங்கம்மா, பாருங்க," அவர் மருமகளைப் பார்த்ததும் தொப்பியை உயர்த்திக் காட்டினார். "ஒரு செங்கல்தான். நேரா உச்சியில. இது இல்லேன்னா என் கதை முடிஞ்சிருக்கும். உங்க ஃபாக்டரிக்குக் கோடி புண்ணியம்!"

மருமகள் அதைக் கையில் வாங்கினாள். உச்சிக்குப் பக்கத்தில் முஷ்டி அளவுக்குக் குழி. குழியின் விளிம்பில் ஒரு கீறல், விரல் நகம் நீளத்துக்கு. கீறல் இல்லை; கிழிசல். பின்கட்டிலிருந்து வரும் தொப்பிகளில் அவள் நூறு தடவை பார்த்தது. ஒரே செங்கல். இரண்டாவது விழுந்திருந்தால்?

சாயங்காலம் மாமியார் குளித்துவிட்டுக் கூந்தலைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் இரண்டு தொப்பியும் இருந்தன. குழியைத் தட்டி எடுக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லிக் கிளாரினெட்காரர் கொடுத்தனுப்பியிருந்தார்.

"அத்தை, இது உங்க தொப்பி," என்றாள் மருமகள், குழி விழுந்ததைத் தொட்டு.

"என்ன உளர்றே? அது அவரோடது."

"நான் மாத்திட்டேன்."

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. லாட், பின்கட்டு, குண்டு, கிழிசல், மூன்று துளை, கையெழுத்துப் போட்ட காகிதம், கத்தி முனை, எல்லாவற்றையும் சொன்னாள். தெருவில் நடந்து வரும்போது மேல்மாடிக்காரரைப் பற்றி நினைத்ததையும் விடாமல் சொன்னாள். மாமியார் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து மருமகள் பார்த்ததே இல்லை.

"அப்ப இது காத்துக்கு இல்ல."

"இல்ல அத்தை."

"எங்க ஆறு பேரோடதும் இப்படித்தானா?"

"ஆமா."

மாமியார் எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே முதுகைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"முனையில அவன் போட்டிருக்கறதுல?"

"அவரோடது தேறின லாட்டாத்தான் இருக்கும் அத்தை. துளை போட்ட ஒண்ணுகூட முனைக்குப் போகாது. அதுக்குத்தானே துளையே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மாமியாரின் தோள் இறங்கியது. குழாயை மூடிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூன்று துளையையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"தெருவெல்லாம் ஸ்பெஷல் ஸ்பெஷல்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே. உனக்குள்ள சிரிச்சிருப்பே."

"ஒரு நாள்கூடச் சிரிப்பு வரல அத்தை."

"ம்." விரலை எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பண்ணிட்டே. அது புரியுது. ஆனா அந்த ஆளைத் தூக்கி எனக்குக் கீழ போட்டுட்டுப் பண்ணியிருக்கே. அதான் என்னால முழுங்க முடியல. எட்டு வருஷம் அவரோட சண்டை போட்டேன், இல்லேங்கல. நேருக்கு நேரா நின்னு போட்டேன். முதுகுக்குப் பின்னாடி ஒண்ணும் பண்ணினதில்ல."

மருமகளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"கத்தியை எடு," என்றாள் மாமியார்.

அவளே திருகாணிகளைக் கழற்றினாள். பழக்கம் இல்லாததால் கத்தி இரண்டு தடவை வழுக்கியது. மருமகள் வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. நல்ல தொப்பிக்குள் கிளாரினெட்காரர் பெயர் எழுதிய வளையத்தைப் பொருத்தி, கை வலிக்க முறுக்கினாள். குழி விழுந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதைத் திங்கக்கிழமை கிடங்குல குடுத்துட்டு வேற வாங்கிக்கறேன். அதுலயும் மூணுதான் இருக்கும், பரவாயில்ல. நீ அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. தெரிஞ்சா, நீங்க போட்டுக்கோங்கன்னு என்கிட்டயே கொண்டு வந்து நீட்டுவாரு. அந்த மனுஷன் நீட்டறதை நான் வாங்கிக்கிட்டு, அப்பறம் எந்த முகத்தோட கூரையை இடிக்கறது?"

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் வேணாம். சொன்னா மட்டும் வேற குடுத்துடப் போறாங்களா?" மாமியார் தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் மாறியது. "இத்தனை வாரமா இதைத் தனியாவா வெச்சுட்டு இருந்தே?"

மருமகள் மேஜையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். இந்தத் தடவை வெங்காயமும் இல்லை, சாக்கும் தேவைப்படவில்லை. மாமியார் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஈரக் கையை அவள் முதுகில் வைத்தபடி அழுது முடியும்வரை இருந்தாள்.

கிளாரினெட்காரருக்குத்தான் ஏமாற்றம். "குழியே தெரியலையே! எப்படித் தட்டினாங்க? கொஞ்சம் விட்டு வெச்சிருக்கலாம், யாராவது கேட்டா காட்டியிருப்பேன்," என்று இரண்டு நாள் புலம்பினார்.

புதன்கிழமை காலை ரொட்டி வாட்டிக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது. மேலேயிருந்து தடதடவென்று அவர் இறங்கி, "வாங்கம்மா!" என்று கத்திவிட்டு வாசலைத் தாண்டி ஓடினார்.

மாமியார் கிடங்கிலிருந்து வாங்கி வந்த தொப்பியை ஆணியிலிருந்து எடுத்தாள். தலையில் வைத்தாள். கதவு வரை போனவள், கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோதும் அவள் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

"இந்தப் பட்டையைக் கொஞ்சம் பாரு," என்றாள்.

பட்டை சரியாகத்தான் இருந்தது. மருமகள் அதை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். போக வேண்டாம் என்ற வார்த்தை மருமகளின் தொண்டை வரை வந்தது. அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறாளோ, அது வந்துவிடுமோ என்று பயப்படுகிறாளோ, இரண்டில் எது என்று சொல்ல முடியவில்லை. மருமகள் பட்டையின் கொக்கியை இன்னும் ஒரு துளை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தாள்.

"தெரியாதப்ப சுலபமா இருந்துச்சுடி," என்றாள் மாமியார்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு போனாள்.